தேவரடியாரும் பரத்தைமையும்

சென்னையின் வடபாலுள்ள வண்ணாரப்பேட்டை, ஆங்கிலக் கும்பினியார் துணி வாணிகம் நடத்திய நாளில் அத்துணிகளை வெளுக்குந் தொழிலாளர் குடியேறிய இடமாதலின் அப்பெயர் பெற்றது. அவ்விடத்தினின்று கடலோரமாக வடக்கு நோக்கி நடப்பார் இரண்டு மூன்று நாழிகையில் திருவொற்றியூரை எய்துவர். மூவர் பாடலும் பெற்ற அப்பழம்பதி, பட்டினத்தடிகள் சமாதி கொண்ட இடமும், இராமலிங்க அடிகள் இளமையில் நாள்தோறும் நடந்து சென்று வழிபட்ட இடமுமாகும். அங்கே திருக்கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், சைவ உலகம் நெடுநாளாக நாணியும் மறுத்தும் வந்த வினா ஒன்றுக்கு விடை காண்பதற்குப் பெரிதும் துணைசெய்வன. பரத்தைமை எந்தச் சமயத்திலேனும் திருத்தொண்டாகக் கருதப்பட்டதுண்டோ, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களிலிருந்த தேவரடியார் அத்தகைய தொண்டினரோ என்பதே அவ்வினா.

இவ்வினாவிற்கு இருவகையான விடைகள் வழங்கிவருகின்றன. கோயிற் பெண்டிர் யாவரும் கடவுளின் பெயராற் பரத்தைமைக்கு விடப்பட்டவரே என்றும், அது பண்டைச் சமயங்களுக்கெல்லாம் பொதுவான வழக்கமென்றும் மேனாட்டாசிரியர் சிலரைப் பின்பற்றிக் கூறுவார் ஒருசாரார். அங்ஙனம் ஒரு குற்றமும் ஒருகாலும் நிகழ்ந்ததில்லை, எல்லாம் பாதிரிமார் கட்டிய கதையே என்று கூறி அமைவார் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாது கூறும் கூற்றுக்களே.

முதற்கண் மேனாட்டுச் செய்தியை நோக்குதல் தகும். கிறிஸ்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டினரான எரடோட்டசு என்னும் கிரேக்கர், பாபிலோனிய நாட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஒருமுறை பெண்தெய்வத்தின் கோயிலில் அமர்ந்து அயலான் ஒருவனுடன் கூடவேண்டும் என்னும் விதியுண்டென எழுதிவைத்தார். அவர்க்கு நானூறு ஆண்டு பிற்பட்ட இசுட்ராபோ, கொரிந்து நகரத்து அபுரோதித்தி கோயிலுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைக் கணிகையர் இருந்தனரென்றார். இவ்விருவர் சொல்லையும் அடித்தளமாகக் கொண்டே பிரேசர் முதலிய 19, 20-ஆம் நூற்றாண்டறிஞர் உலக முழுவதுக்கும் பொருந்துவதொரு கொள்கையைக் கட்டினர். ஆயின், பாபிலோனிய நாட்டில் தோண்டியெடுக்கப்பட்ட களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தும், எரடோட்டசு கூறிய விதி அவற்றில் யாண்டும் காணப்படவில்லை. சிப்பார் நகரத்தில் சூரியக் கடவுளுக்கு ஒப்புவிக்கப்பட்ட பெண்டிரோ மகப்பேறின்றி மதிலகத்தே வாழ்ந்து, நிலமும் பொருளும் ஆண்டவர் என்றே அவ்வேடுகளால் அறியப்படுகின்றது. 2008-இல் இப்பொருள்பற்றித் தனிநூல் எழுதிய இசுட்டெபனி புடின் என்னும் அம்மையார், பண்டைக்காலத்துப் ‘புனிதப் பரத்தைமை’ என்பது அயலாரை இழித்துரைக்க எழுந்த கதைகளினின்றும், சொற்களைப் பிறழ உணர்ந்ததினின்றும் பிறந்ததென நாட்டினார். அவர் முடிபை ஒவ்வாதாரும் உளர். எங்ஙனமாயினும், ஐயத்திற்கிடமான பாபிலோனியக் கதையை அளவுகோலாகக் கொண்டு திருவொற்றியூரை அளத்தல் முறையாகாது. திருவொற்றியூருக்கு அதன் கற்களே சான்று.

அக்கற்களிற் காணப்படும் பெயர்கள் மூன்று: பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார். தளி என்பது கோயில். ஆகவே தளியிலார் என்பது கோயிலைச் சார்ந்தவர் எனப் பொருள்படும். பதியிலார் என்பதற்குக் கணவனில்லாதவர் என்பர் பலர். சித்தாந்த நூல்களைப் பயின்றார்க்குப் பதி என்னுஞ் சொல் வேறொன்றையும் நினைப்பூட்டுமாயினும், அதனைக்கொண்டு புதுப்பொருள் காண முயலுதல் இங்கு வேண்டாதது. தேவரடியார் என்பதோ, அடியார் என்று திருமுறைகள் போற்றும் அதே சொல்லினடியாகப் பிறந்தது. இறைவன் திருவடிக்கு ஆட்பட்டார் யாவர்க்கும் உரிய அப்பெயர், பின்னாளில் உருச்சிதைந்து தெருவில் எறியப்படும் வசைமொழியாயிற்று. தமிழில் இத்துணை உயரத்தினின்று இத்துணைத் தாழ விழுந்த சொல் வேறொன்றைக் காண்டல் அரிது.

11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தே திருவொற்றியூரில் திருவெம்பாவையும் திருப்பதியமும் பாடுதற்கு இம்மகளிர்க்கு நிவந்தம் வகுக்கப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் இராசராசனது 19-ஆம் ஆண்டில், அஃதாவது 1235-ஐ ஒட்டி, அவ்வரசன் விழாக்காலத்தே கோயிலுக்கு வந்து மண்டபத்தில் வீற்றிருந்து, பதியிலாருள் ஒருத்தியாகிய உறவாக்கின தலைக்கோலி என்பாள் அகமார்க்கம் பாடக் கேட்டான். கேட்டு மகிழ்ந்தவன் மணலி என்னும் ஊரில் அறுபது வேலி நிலத்தை இறையிலியாக்கி, அதற்கு உறவாக்கின நல்லூர் என்று அவள் பெயரையே இட்டான். தலைக்கோலி என்பது ஆடல் பாடலில் தலைமை பெற்றார்க்கு வழங்கும் பட்டம். பகையரசரிடங் கவர்ந்த குடைக்காம்பினாற் செய்யப்படும் தலைக்கோலை மாதவி பெற்ற வரலாற்றைச் சிலப்பதிகாரங் கற்றோர் அறிவர். ஓர் ஊரே ஒரு பாடன்மகளின் பெயரைத் தாங்கிற்றென்றால், அக்காலத்தில் அவள் பெயரைச் சொல்ல எவரும் நாணினாரல்லர் என்பது தெளிவு.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியிலும், பின்னர் 1371-இல் விசயநகரத்துக் கம்பண உடையார் ஆட்சியிலும், இம்மூவகையார்க்குள்ளும் பூசல் விளைந்து, அரசனுடைய அதிகாரிகள் கோயில் மண்டபத்திற் கூடி விசாரித்துத் தீர்க்கவேண்டியதாயிற்று. பூசல் எதுபற்றியது? திருமுன்னர் இன்ன பணி இன்னார்க்கு உரியது, இன்ன வரிசை இன்னார்க்கு முன்னையது என்பதே. இறைவன் சந்நிதியில் ஒரு பணியை இழத்தல் வாழ்வையே இழத்தலாக அவர் எண்ணினர். அரசாங்கத்தின் முன்னே அவர் வழக்காடியது தம் தொண்டின் உரிமையை நாட்டற்கே.

ஆயினும் அவ்வூரின் கல்வெட்டுக்கள் எல்லாம் இனிமையுடையன என்று சொல்லுதற்கில்லை. அதே 13-ஆம் நூற்றாண்டில் வேளாளன் ஒருவன் ஐந்து பெண்களையும் அவர் வழிவந்தாரையும் நெற்குத்தும் பணிக்காக அக்கோயிலுக்கு அளித்தான் என்னுஞ் செய்தியும் அங்கேயே உள்ளது. பட்டம் பெற்று ஊரைப் பெற்றவளும் கோயிலைச் சார்ந்தவள். விலைப்பொருள்போல் வழிவழியாக ஒப்புவிக்கப்பட்டவளும் கோயிலைச் சார்ந்தவள். தேவரடியார் என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்விருவகை வாழ்வும் அடங்கியிருந்தமையை மறப்பார், அவரைப்பற்றி எதனையும் சரியாகக் கூறமாட்டார்.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு இதனினும் விரிவானது. 1014-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட அதன்கண், சோழநாட்டுப் பல தளிகளினின்றும் கொணரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர் எந்தத் தளியினின்று வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டினர் என்னும் குறிப்புடன் ஒவ்வொன்றாகத் தரப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்கு. ஒருத்தி இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவள்பங்கை நெருங்கிய உறவினர் பெற்றுப் பணிசெய்தல் வேண்டும்; அவர் தக்காரல்லராயின் தக்கார் ஒருவரைத் தெரிந்தமர்த்துதல் வேண்டும் என்பது விதி. பிறப்பொன்றே போதாது, பணித்திறமையும் வேண்டப்பட்டது. அப்பெயர்களுட் பெரும்பாலன நக்கன் என்னும் முன்னொட்டு உடையன. நக்கன் என்பது சிவபெருமான் திருநாமங்களுள் ஒன்று. தந்தை பெயர் நிற்குமிடத்தே இறைவன் பெயர் நின்றது.

இவ்வகைக் கல்வெட்டுக்களை நூற்றுக்கணக்கில் தொகுத்தாராய்ந்து 2000-இல் நூல் வெளியிட்ட இலெசுலி ஓர் என்னும் அம்மையார், சோழர்காலத்துக் கோயிற்பெண்டிர் பெரிதும் காணப்படுவது கொடையாளராகவே எனக் காட்டினார். விளக்கெரிக்கப் பொன்னும், திருவமுதுக்கு நிலமும் அளித்தார் அவர். பரத்தைமையைக் கோயிற்பணியின் பகுதியாகக் கூறுங் கல்வெட்டு இல்லை. கற்களில் எழுதப்படாதது நிகழவே இல்லை என்று கொள்ளுதல் கூடாதெனினும், எழுதப்படாத ஒன்றைச் சமய விதியென்று கூறுவது அதனினும் கூடாது.

இனி, சேக்கிழார் பெருமான் கருத்தை நோக்குக. அவர் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். தளிச்சேரிப் பெண்டுகள் வாழ்ந்த சோழநாட்டை நேரிற் கண்டவர். அவர் அருளிய புராணத்தில் நம்பியாரூரர்க்கு வாய்த்த தேவிமார் இருவர். திருவாரூர்ப் பரவையார் உருத்திரகணிகையர் குலத்துப் பதியிலாருள் தோன்றியவர். திருவொற்றியூர்ச் சங்கிலியார் ஞாயிறு கிழவர் மகளார், வேளாளர். முன்னவர் கணிகையர் குலத்தாராதலின் அவர் மணம் தாழ்ந்ததென்றோ, பின்னவர் மணம் உயர்ந்ததென்றோ ஒரு சொல்லிலும் சேக்கிழார் குறித்தாரல்லர். கயிலையில் உமையம்மைக்கு மலர்பறித்த கமலினியும் அனிந்திதையுமே இருவராயும் பிறந்தனர். இருமணமும் இறைவன் ஏவலால் அடியார் கூடி முடித்தன. குண்டையூர் கிழவர் அளித்த நென்மலை பூதங்களாற் கொணரப்பட்டுத் திருவாரூர்த் தெருக்களை நிறைத்தபோது, அவரவர் மனைமுன் கிடந்ததை அவரவரே கொள்க என்று பறையறைவித்தவர் பரவையாரே. ஆரூரர் மகிழின் கீழ்ச் செய்த சூளுறவு தவறிக் கண்ணிழந்து மீண்டு வந்தபோது, அவர் ஒற்றியூரில் மற்றொருத்தியை மணந்த செய்தியறிந்து வாயில் அடைத்தவரும் அவரே. அவ்வாயிலின் முன் தூதனாகச் சிவபெருமான் ஒருமுறைக்கு இருமுறை இரவில் நடந்தான். கணிகையர் குலத்துப் பெண்ணொருத்தியின் ஊடல், மனைவியின் ஊடலாகவே மதிக்கப்பட்டது. விலைமகளின் பிணக்காயின் அதற்கு அத்துணை மதிப்பில்லை.

பரவையார் வரலாறு கணிகைத் தொழிலைப் புனிதமாக்குகின்றதென்று கூறுவார்க்கு அதே புராணம் திருநீலகண்ட நாயனார் வரலாற்றில் விடை தருகின்றது. தில்லை வேட்கோவராகிய அவர் ஒரு பரத்தைபாற் சென்று மீண்டார். மனைவியார் எம்மைத் தீண்டாதீர் என்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட, ‘எம்மை’ என்றமையாற் பிற பெண்டிரையும் மனத்தாலும் தீண்டேன் என்று அவர் உறுதி கொண்டார். இளமை கழிந்து முதுமை வந்தது. ஒரு மனையில் இருந்தும் இருவரும் உடலுறவின்றி வாழ்ந்தனர். சிவயோகியாக வந்த பெருமான் ஓட்டை ஒப்புவித்து மறைத்து வழக்கிட்டபோது, மனைவி கைப்பற்றி முழுக மாட்டாமல், மூங்கிற் கழியொன்றின் இரு தலையையும் இருவரும் பற்றி முழுகினர். இளமை பெற்று எழுந்தனர். பரத்தையிற் பிரிவைச் சங்கச் செய்யுட்கள் மருதத்தின் பொருளாகக் கொண்டு இயல்பாய்ப் பாடின. சேக்கிழாரோ அதனை ஒரு வாழ்நாளையே விலையாகக் கொடுத்துத் தீர்க்கவேண்டிய பிழையாகக் கண்டார். உருத்திரகணிகை குலத்தைப் போற்றிய அதே கை இதனையும் எழுதிற்று. கணிகையின் பிறப்பு வேறு, பரத்தைமை என்னும் ஒழுக்கம் வேறு என்னும் தெளிவு அவர்பால் இருந்தது. பிற்காலத்தார்பால் அது இல்லாதொழிந்தது.

திருப்பூவணத்துப் பொன்னனையாள் வரலாறும் இவ்வழிப்பட்டதே. கோயிலில் நாள்தோறும் ஆடிப் பெற்ற பொருளை அடியார்க்கு அமுதூட்டுதலிற் செலவிட்டவள், இறைவனது திருவுருவைப் பொன்னால் வார்க்க விரும்பியும் பொருளின்றி வாடினாள். பெருமான் சித்தராக வந்து அவள்வீட்டுப் பாத்திரங்களைப் பொன்னாக்கியதை இரசவாதஞ் செய்த படலத்திற் பரஞ்சோதி முனிவர் விரித்தார். அங்கும் போற்றப்படுவன ஆடலும் அடியார் பூசையுமே.

சாத்திர நெறியாற் பார்க்கின் இது மேலும் தெளிவாம். திருவலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கேற்றல், இறைவன் புகழ் பாடல் ஆகியன சரியை. அது தாதமார்க்கம், அஃதாவது அடிமைநெறி எனப்படும். அந்நெறிக்கு எடுத்துக்காட்டாக நின்றவர் திருநாவுக்கரசர். கோயிற்பெண்டிர்க்குக் கல்வெட்டுக்கள் விதித்த பணிகளை இவற்றோடு ஒப்பிட்டால் அவை வேறாகத் தோன்றா. தாதன் என்னும் ஆண்பாற்பெயர் சைவர்க்குப் பெருமையாகவும், தாசி என்னும் அதன் பெண்பாற்பெயர் இழிவாகவும் நின்றதற்குச் சாத்திரம் காரணமன்று. பெண்ணொடு கூடுதலை வழிபாட்டின் உறுப்பாகக் கொண்ட வாமம் முதலியவற்றையோ சித்தாந்தம் அகப்புறச் சமயங்களுட் சேர்த்து விலக்கிற்று. திருமூலர் முதற் தந்திரத்திலேயே மகளிர் இழிவும் பிறன்மனை நயவாமையும் வகுத்தோதினார். வரைவின் மகளிர் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் எந்தச் சமயத்தார்க்கும் விலக்கின்றியே வகுத்தார். ஆகவே பரத்தைமையைப் புனிதமென்னும் சொல் சைவசித்தாந்தத்தில் எப்பகுதியிலும் இடம்பெறாது.

இவ்வளவில் ஆராய்ச்சியை நிறுத்திச் சைவர் மகிழ்ந்திருத்தல் எளிது. ஆனால் சாத்திரம் விலக்கியதைக் கோயில் தன் மதிலகத்தே பொறுத்துக்கொண்டதா என்பது வேறு வினா. அதற்குரிய விடை கசப்பானது. சோழர் ஆட்சி வீழ்ந்தபின், மகளிர்க்குரிய நிவந்தங்கள் நாயக்கர், மராட்டியர், பாளையக்காரர், ஜமீன்தார் ஆகியோர் கைக்கு மாறின. நூறு கலம் நெல் அளந்த இடத்தே செல்வன் ஒருவனுடைய ஆதரவு வந்து நின்றது. பொட்டுக்கட்டப்பட்டவள் என்றும் சுமங்கலி என மதிக்கப்பட்டுக் கும்பாரத்தி எடுத்தாள். அதே காரணத்தால் வேறொருவனை மணக்கும் உரிமை அவளுக்கு இல்லாதாயிற்று. மணவாத பெண்ணுக்கு மனைவியின் கடமைகளை மட்டும் ஏற்றி, உரிமைகளை மறுத்த ஆடவர் பலர். 1792 முதல் 1823 வரை இந்நாட்டிலிருந்த துபுவா பாதிரியார் எழுதியவற்றுள் மிகையுண்டு, வெறுப்புமுண்டு. முழுப்பொய் என்று தள்ளுதற்கில்லை. விவரம் அறியாச் சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டும் சடங்கு தேவாலயத்தில், தருமகருத்தர் இசைவோடு, குருக்கள் கையாலேயே நிகழ்ந்தது. அச்சிறுமி பின்னர் எங்ஙனம் வாழ்வாள் என்பது அங்கு நின்றார் எவர்க்கும் தெரியாததன்று. இப்பழி கும்பினி அரசையோ பாதிரிமாரையோ சாராது. கோயிலை ஆண்டவர்களையே சாரும்.

ஆங்கில நீதிமன்றங்கள் இதன்மேல் மற்றொரு தீங்கைச் சேர்த்தன. தேவதாசி என்னும் நிலையைத் தொழிலாற் பரத்தை என்னும் நிலையோடு ஒன்றாகவே அவை எண்ணி வழக்குத் தீர்த்தன. கோயிற்பணியும், இசையும், பெண்வழிச் சொத்துரிமையும், தத்தெடுக்கும் உரிமையும் ஒரே இழிபெயரின்கீழ் வந்தன. 1890-களிற் சென்னைச் சமூகச் சீர்திருத்தக்காரர் சதிர்க்கச்சேரிகளை விலக்குமாறு ஆளுநரையும் அரசப்பிரதிநிதியையும் வேண்டினர். அவர்கள் தலையிட மறுத்தனர். மைசூர் அரசு 1909-இல் தன் கோயில்களில் பொட்டுக்கட்டுதலை நிறுத்திற்று.

சென்னை மாகாணத்தில் இவ்வழக்கை எடுத்து நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886-இற் புதுக்கோட்டையிற் பிறந்த அவருடைய அன்னையார் இம்மரபிலே தோன்றியவர். ஆகலின் அவர் பேசியது புறத்திருந்து நோக்கினார் பேச்சன்று. சட்டமன்றத்தில் 1927-இல் அவர் தீர்மானம் கொணர்ந்தார். 1929-இல் வந்த சட்டம், கோயிற்பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களைப் பணியினின்று விடுவித்து அந்நிலத்தை அனுபவித்தார்க்கே உரியதாக்கிற்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அதே மரபினர், ஊரூராய்ச் சென்று பேசியதோடு 1936-இல் தாசிகள் மோசவலை என்னும் நாவலையும் எழுதினார். எதிர்த்தவருள் சத்தியமூர்த்தி போன்ற அரசியலாரும் இருந்தனர். ஆனால் செவிசாய்க்கத்தக்க எதிர்ப்பு அம்மகளிரிடமிருந்தே வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாளும் சென்னையில் வாழ்ந்த பிறரும் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் விடுத்தனர். தம்மைப் பரத்தையரென்பது அநீதி. சிலர் குற்றத்திற்காக மரபு முழுவதையும் அழித்தலினும் தமக்குக் கல்வி தருதலே தகும் என்பது அவர் வேண்டுகோள். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் பொருளால் எழுப்பிய அவ்வம்மையாரைக் கற்பிலாதார் வரிசையில் வைத்தெண்ணுதல் எவர்க்கும் எளிதாயிராது. முத்துலட்சுமி அம்மையார் சிறுமியரைக் கண்டார். நாகரத்தினம்மாள் கலையையும் தொண்டையும் கண்டார். இருவர் கண்டதும் உண்மையே. இரண்டிலொன்றைத் தெரிந்தாகவேண்டிய நிலைக்கு அவரைக் கொணர்ந்தது, சிறுமியர்க்குத் தொண்டையும் கல்வியையும் மணவுரிமையையும் ஒருங்கே அளிக்க முன்வராத கோயிலாரின் செயலறவே. வந்த கேட்டை எண்ணுங்கால், சிறுமியரின் பக்கம் நின்றவர் கட்சியே வெல்லத்தக்கதாயிருந்தது.

1947-இல் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கி, அம்மகளிர்க்கு மணவுரிமையை உறுதிசெய்தது. அதனோடு, கும்பாரத்தியுடனோ அஃதின்றியோ கோயிலெல்லைக்குள்ளும் சுவாமி புறப்பாட்டிலும் பெண்கள் ஆடுதலையும் அது தடுத்தது. நோயைத் தீர்க்க வந்த சட்டம் சரியைத் தொண்டையும் சேர்த்து வெட்டிற்று. 1981 முதல் சிதம்பரத்தில் மகாசிவராத்திரியில் நாட்டியாஞ்சலி நடந்துவருகின்றது. ஆடுவார் வேறு குடும்பத்துப் பெண்கள். பழைய மரபில் எஞ்சிய விராலிமலை முத்துக்கண்ணம்மாள், ஏழாம் வயதிற் பொட்டுக்கட்டப்பட்டு, நாள்தோறும் மலையேறி முருகன் திருமுன்னர்ப் பாடி ஆடியவர். சட்டத்தால் பணியை இழந்து வறுமையிற் காலங்கழித்தபின், 2022-இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மசிறீ விருது அளித்தது.

திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை இன்றும் நடைபெறுகின்றது; சங்கிலியார் திருமணம் அடியார் கூட்டத்தின் நடுவே ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவிலுள்ள மணலியில் இன்று எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையும் உரத்தொழிற்சாலையும் நிற்கின்றன. அவ்விடத்து அறுபது வேலி ஒருகால் உறவாக்கின நல்லூர் என்று வழங்கியதை அங்குள்ளார் அறியார். அப்பெயர் ஒற்றியூர்க் கோயிற் கல்லில் மட்டும் உள்ளது.